அழாத குழந்தை

ஹைதராபாத் யூசுஃப்குடாவில் தெலங்கானா அரசு நடத்தும் சிசு விஹார், கைவிடப்பட்ட, ஒப்படைக்கப்பட்ட சிறு குழந்தைகளின் இல்லம். நாடெங்கும் இப்படிப்பட்ட இல்லங்களில் வளர்ந்து தத்துப் போகிற குழந்தைகள் சிலரிடம் ஒரு பழக்கம் இருக்கும். நடுராத்திரி விழித்தாலும் அழாது. இருட்டில் கண்ணைத் திறந்தபடி கிடக்கும். யார் கை நீட்டினாலும் இடுப்பில் ஏறிக்கொள்ளும். பார்க்க வந்த உறவினர்கள் "தங்கமான பிள்ளை, தொந்தரவே இல்லை" என்பார்கள். அது சமர்த்து அல்ல. ஆயாக்கள் எவ்வளவு அன்பாக இருந்தாலும் ஒருவருக்குப் பல குழந்தைகள். முறை மாறினால் கையும் மாறும். அழுதால் வருவதற்கென்று தனக்கு ஒருவர் இருக்கிறார் என்பதை அந்தக் குழந்தை இன்னும் அறியவில்லை. தத்தெடுத்த பெற்றோரின் முதல் வேலை அதை அறியவைப்பதுதான். அதற்கு வேண்டியது நேரம்; அந்த நேரத்தைத்தான் குடும்பமும் சட்டமும் அவர்களுக்குத் தர மறுத்துவந்திருக்கின்றன.

பிரிட்டிஷ் மனநல மருத்துவர் ஜான் போல்பி 1951இல் உலக சுகாதார நிறுவனத்துக்கு எழுதிய அறிக்கையில், குழந்தையின் மனநலத்துக்கு ஒரு தாயோடோ, தாய்போல் நிலையாக இருக்கும் ஒருவரோடோ உள்ள உறவு இன்றியமையாதது என்றார். நாம் பேச்சுவழக்கில் ஒட்டுதல் என்கிறோமே, அதைத்தான். இதை நேரடியாகச் சோதித்தவர்கள் ருமேனியத் தலைநகர் புகாரெஸ்டில் 2000வாக்கில் ஆய்வைத் தொடங்கியவர்கள். இல்லங்களில் இருந்த 136 குழந்தைகளில் பாதிப் பேரைக் குலுக்கல் முறையில் வளர்ப்புக் குடும்பங்களுக்கு அனுப்பினார்கள். மூன்றரை வயதில் பார்த்தபோது, குடும்பத்துக்குப் போனவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேருக்கு உறுதியான ஒட்டுதல் உருவாகியிருந்தது. மற்ற பிரிவில் ஐந்தில் ஒருவருக்குக்கூட இல்லை. இரண்டு வயதுக்கு முன்பே போனவர்கள் இன்னும் நன்றாக இருந்தார்கள்.

அழுகை கேட்டவுடன் தூக்கினால் செல்லம் கொடுத்துக் கெடுத்ததாகாதா என்று வீட்டுப் பெரியவர்கள் கேட்பார்கள். மேரி எய்ன்ஸ்வொர்த்தும் சில்வியா பெல்லும் பால்டிமோரில் 26 தாய்மாரையும் அவர்களின் குழந்தைகளையும் கவனித்து 1972இல் வெளியிட்ட முடிவு இதற்கு நேர்மாறானது: அழுகைக்கு உடனே வந்த தாய்மாரின் குழந்தைகள் ஒரு வயதை நெருங்கும்போது குறைவாகவே அழுதார்கள். இன்னொரு கேள்வி எனக்கு இதைவிடக் கனமாகப் படுகிறது. நம் ஊரில் பாட்டி, அத்தை, பக்கத்து வீட்டு அக்கா என்று பத்துக் கைகளில்தானே பிள்ளைகள் வளர்கின்றன, தத்து வந்த குழந்தையை மட்டும் ஏன் அம்மாவும் அப்பாவுமே பார்க்க வேண்டும்? வீட்டில் பிறந்த குழந்தை அம்மாவின் மணத்தையும் குரலையும் அறிந்த பிறகு அந்தப் பத்துக் கைகளுக்குப் போகிறது. பயந்தால் திரும்பி வர ஓர் இடம் அதற்கு ஏற்கெனவே இருக்கிறது. இல்லத்திலிருந்து வந்த குழந்தையோ பத்துக் கைகளிலிருந்துதான் வருகிறது. அதனால் முதல் சில மாதங்கள் ஊட்டுவது, குளிப்பாட்டுவது, தூங்கவைப்பது மூன்றையும் அம்மாவும் அப்பாவும் மட்டும் செய்யட்டும். பாட்டி சமைத்துப் போடலாம், துணி துவைத்துத் தரலாம். சோற்றுக் கிண்ணத்தை மட்டும் அம்மா கையில் விட்டுவிட வேண்டும். பெயர் சூட்டு விழாவையும் மெதுவாக வைத்துக்கொள்ளலாம்.

ஹைதராபாதிலிருந்து ஒரு தமிழ் வீட்டுக்கு வரும் இரண்டு வயதுக் குழந்தைக்கு மொழியும் ஒரே நாளில் மாறிவிடுகிறது. 'அம்மா' போன்ற சில சொற்களே இரண்டிலும் ஒன்று. பாலுக்குப் 'பாலு', தண்ணீருக்கு 'நீள்ளு', வாவுக்கு 'ரா' என்று பத்துத் தெலுங்குச் சொற்களையாவது பெற்றோர் கற்றுக்கொண்டு போவது நல்லது. அங்கே போர்த்திய பழைய துணியை இல்லத்தில் கேட்டு வாங்கி, துவைக்காமல் கொஞ்ச நாள் படுக்கையில் போட்டுவைக்கலாம்.

வளர்ந்த குழந்தை ஒட்டாது, ரத்தம் ரத்தம்தான் என்று சொல்பவர்களுக்கு லண்டனிலிருந்து ஒரு பதில் இருக்கிறது. பார்பரா டிசார்டும் ஜில் ஹாட்ஜஸும் இல்லங்களில் வளர்ந்த குழந்தைகளைப் பதினாறு வயதுவரை தொடர்ந்து பார்த்தார்கள். நான்கு வயதுக்குள் அவர்களைச் சராசரியாக ஐம்பது பேர் மாறி மாறிப் பார்த்திருந்தார்கள். அப்படியிருந்தும், தத்துப் போனவர்களில் பெரும்பாலோர் புதிய பெற்றோரோடு ஒட்டிக்கொண்டார்கள். பெற்ற தாயிடமே திரும்பிப் போனவர்களில் அப்படி ஒட்டியவர்கள் குறைவு. தத்தெடுத்தவர்கள் பிள்ளைக்காக ஒதுக்கிய நேரம் அதிகம் என்பது ஆய்வாளர்கள் சொன்ன காரணம். நண்பர்களோடு பழகுவதில் இரு பிரிவினருக்குமே சிரமம் நீடித்தது என்பதையும் மறைக்கக் கூடாது. தாமதத்துக்கு விலை இருக்கிறது. ஹைதராபாத் இதை அறிந்த நகரம். லம்பாடிப் பழங்குடியினரின் குடியிருப்புகளான தாண்டாக்களிலிருந்து பெண் சிசுக்களை விலைக்கு வாங்கித் தத்துக் கொடுத்த அமைப்புகள் 1999இலும் 2001இலும் பிடிபட்டபோது அரசு தலையிட்டது நியாயம்தான். ஆனால் வழக்குகள் நடந்த காலமெல்லாம் குழந்தைகள் இல்லங்களிலேயே வளர்ந்தார்கள்.

ஆகவே தத்து வரும் குழந்தையின் வயது கூடக்கூட அதிக நேரம் வேண்டும். நம் சட்டம் இதைத் தலைகீழாகப் புரிந்துகொண்டது. 2017ஆம் ஆண்டு மகப்பேறு நலச் சட்டத் திருத்தம் பெற்ற தாய்க்கு 26 வார விடுப்புத் தந்தது; தத்தெடுத்த தாய்க்கு 12 வாரம், அதுவும் குழந்தை மூன்று மாதத்துக்கு உட்பட்டதாக இருந்தால் மட்டும். ஒப்படைக்கப்பட்ட குழந்தையின் பெற்றோர் மனம் மாறுவதற்கே இரண்டு மாத அவகாசம் உண்டு. கைவிடப்பட்ட குழந்தை என்றால் முதலில் பெற்றோரைத் தேட வேண்டும். பிறகு குழந்தைகள் நலக் குழுவின் சான்று, பொருத்தம் பார்த்தல், மருத்துவ அறிக்கை. இத்தனையும் முடிந்து மூன்று மாதத்துக்குள் வீடு வந்து சேரும் குழந்தை அபூர்வம். இந்த வரம்பை எதிர்த்து உச்சநீதிமன்றம்வரை போக வேண்டியிருந்தது. நான்கு வயதுப் பிள்ளையை வீட்டில் விட்டுவிட்டு மறுவாரமே ஆபீஸுக்குக் கிளம்ப வேண்டியிருந்த தாயிடம், ஒட்டுதல் வரவில்லையே என்று எந்த முகத்தோடு கேட்பது?

தத்து என்று சொன்னால் பிள்ளை விலகிவிடும் என்ற பயமும் பல வீடுகளில் இருக்கிறது. 'கன்னத்தில் முத்தமிட்டால்' படத்தின் அமுதாவுக்கு ஒன்பதாவது பிறந்தநாளில் அந்த உண்மை சொல்லப்படுகிறது. பேச்சு வந்த நாளிலிருந்து கதையாகக் கேட்டு வளர்ந்த பிள்ளைக்கு அப்படி ஓர் அதிர்ச்சி நாள் வராது. வேறு யார் வாயிலாகவோ கேட்டால்தான், அம்மா சொன்ன மற்றதெல்லாமும் சந்தேகமாகிவிடும்.

தத்துக்குப் பின் இரண்டு ஆண்டுகள், ஆறு மாதத்துக்கு ஒருமுறை சமூகப் பணியாளர் வீட்டுக்கு வந்து பார்க்க வேண்டும் என்பது விதி. தடுப்பூசி அட்டையைப் புரட்டிவிட்டுக் கிளம்பும் முன் அவர் இரண்டு கேள்விகள் கேட்கலாம். கீழே விழுந்தால் குழந்தை யாரிடம் ஓடுகிறது? ராத்திரி விழித்தால் இப்போது அழுகிறதா?