உருகுதலும் கரைதலும்: எரிமலைக்கு அடியில் நீர்

தமிழில் உருகுதல் வேறு, கரைதல் வேறு. நெய்யும் மெழுகும் வெப்பத்தால் உருகும்; உப்பும் வெல்லமும் நீரிற் கரையும். இப்பாகுபாடு பாறையிடம் வரும்போது நம்மைச் சற்றே தடுமாற வைக்கிறது. சுமாத்திராவின் எரிமலைகளுக்கு அடியில் பாறையை உருக்குவது புதிதாக மூட்டப்பட்ட தீயன்று, நீர்.

நெகிரி செம்பிலான் தோட்டங்களில் இதைப் பேசும்போதெல்லாம் ஒரு வினா எழும். பெடாசில் வெந்நீர் ஊற்று இருக்கிறதே, அதனடியில் எரிமலை உறங்குகிறதா? ஏறத்தாழ 400 ஆண்டுகள் அடங்கிக் கிடந்த சினாபோங் 2010ஆம் ஆண்டில் விழித்தெழுந்த பின்னர் அவ்வினாவில் அச்சமும் கலந்துவிட்டது. அஞ்சுவோரை நகைத்துப் பயனில்லை. விளக்குவதே நம் கடன்.

புவியின் மேலோட்டுக்குக் கீழேயுள்ள கவசம் ஒரு நெருப்புக் கடல் என்று பலரும் எண்ணுகின்றனர். ‘எரிமலை’ என்னும் சொல்லும், மலாய்மொழியின் ‘குனோங் பெராப்பி’யும் அவ்வெண்ணத்தையே வளர்க்கின்றன. உண்மையில் கவசம் திண்ணிய பாறை. 100 கிலோமீட்டர் ஆழத்தில் வெப்பம் ஏறத்தாழ 1300 டிகிரியாக இருந்தும் அது உருகுவதில்லை. மேலுள்ள பாரம் அழுத்துவதால் அங்கே உலர்ந்த பாறையின் உருகுநிலை 1500 டிகிரியை எட்டிவிடுகிறது. மூடிய குக்கரில் நீர் 100 டிகிரியைக் கடந்தும் கொதிக்காதிருப்பதை ஒப்பிடலாம். சூடான பாறை ஆழத்திலிருந்து மேலெழுந்தால் அழுத்தம் தளர்ந்து உருகும். ஹவாய்த் தீவுகள் அவ்வழியே பிறந்தவை.

சுமாத்திராவின் கதை வேறு. அங்கே இந்தியப் பெருங்கடலின் தரைத்தட்டு ஆண்டுக்குச் சில சென்டிமீட்டர் வீதம் தீவின் கீழே அமிழ்கிறது. அமிழ்வது குளிர்ந்த தட்டு. குளிர்ந்தது நுழைந்தால் சூடு தணியவேண்டுமன்றோ? ஆனால் அத்தட்டு நெடுங்காலம் கடலடியில் கிடந்தது. அதன் கனிமங்களின் கட்டமைப்பிலேயே நீர் பிணைந்துள்ளது. ஏறத்தாழ 100 கிலோமீட்டர் ஆழத்திற்குச் செல்வதற்குள், வெப்பமும் அழுத்தமும் அந்நீரைப் பிழிந்து மேலேயுள்ள கவசத்துக்குள் செலுத்துகின்றன. நீர் புகுந்த பாறையின் உருகுநிலை 1000 டிகிரிக்கும் கீழே இறங்குகிறது. ஏற்கெனவே அதைவிடச் சூடாயிருக்கும் பாறை, புதிய வெப்பம் ஏதும் பெறாமலே, ஒரு சிறு பங்கு உருகிவிடுகிறது.

தோட்டத்து லயங்களுக்கு ஐஸ் விற்க வந்தவர் பனிக்கட்டியின்மேல் கல்லுப்பைத் தூவியதைக் கண்டோர் இதை எளிதில் உணர்வர். உப்பு சூடன்று, ஆயினும் அது பட்ட பனிக்கட்டி சுழியத்துக்கும் கீழான குளிரிலேயே உருகும். பனிக்கு உப்பு எதுவோ, பாறைக்கு நீர் அது. இதனை உருகுதல் என்பதா, கரைதல் என்பதா? பாறை நீரிற் கரையவில்லை. நீர் வந்ததால் உருகுகிறது. ‘உருகுதல்’ என்றே வழங்குவோம்.

நீரின் பணி அத்துடன் முடியவில்லை. பாறைக்குழம்பிற் கலந்துள்ள நீர், குழம்பு மேலெழுந்து அழுத்தம் தளருங்கால் ஆவியாய்ப் பிரிந்து பன்மடங்கு விரிகிறது. மூடி திறந்த சோடாப் புட்டியைப்போலக் குழம்பைச் சிதறடிக்கிறது. ஹவாயில் பெரும்பாலும் வழிந்தோடும் குழம்பு இங்கே வெடித்துச் சாம்பலாவது இதனாற்றான். ஏறத்தாழ 74,000 ஆண்டுகளுக்கு முன் வெடித்த தோபாவின் சாம்பல் பேராக்கின் லெங்கோங் பள்ளத்தாக்கில் இன்றும் கிடக்கிறது. ஆகவே சாம்பல் நம்மை எட்டாது என்று சொல்வதற்கில்லை.

ஆனால் எரிமலை வரிசை பாரிசான் மலைத்தொடரை ஒட்டிச் செல்வது. மலாக்கா நீரிணைக்கு இப்பால் அது வருவதில்லை. பெடாசின் வெந்நீர் மழைநீரே. அது பாறை வெடிப்புகளில் ஆழ இறங்கி, கிலோமீட்டருக்கு 25 முதல் 30 டிகிரி வரை ஏறும் புவிவெப்பத்தாற் சூடேறித் திரும்புகிறது. கருங்கல்லிலுள்ள யுரேனியமும் தோரியமும் சிதைந்து அவ்வெப்பத்திற்குத் துணை செய்கின்றன. அடியில் குழம்பு வேண்டியதில்லை.

குழம்பு இருந்த காலமும் உண்டு. 20 கோடி ஆண்டுகளுக்கு முன்னர் நிலத்துண்டங்கள் மோதித் தடித்த மேலோட்டின் அடிப்பகுதி உருகி, வெளியே வராமல் ஆழத்திலேயே உறைந்தது. அதுவே தித்திவாங்சா மலைத்தொடரின் கருங்கல். நம்மவர் பாடுபட்ட ஈயலம்பங்களின் ஈயம் அதனோடு வந்தது. பால்மரங்களுக்கும் செம்பனைக்கும் இடையே கிடக்கும் உருண்டைப் பாறைகள் அதன் எச்சங்கள்.