கதிர்வீச்சின் உறிஞ்சளவும் அலகு மாற்றமும்

கதிர்வீச்சு உடலூடு செல்லுங்கால், ஒரு கிலோகிராம் திசு உறிஞ்சும் ஆற்றலே உறிஞ்சளவு எனப்படும். 1953இல் வகுக்கப்பெற்ற றாட் என்னும் அலகு கிராமுக்கு 100 ஏர்க். 1975இல் ஏற்கப்பெற்ற கிரே கிலோகிராமுக்கு 1 யூல். 1 யூல் ஒரு கோடி ஏர்க். 1 கிலோகிராம் 1,000 கிராம். ஆகவே 1 கிரே, கிராமுக்கு 10,000 ஏர்க். அஃதாவது 100 றாட்.

கல்முனைக் கரையினின்று மகரகமைப் புற்றுநோய் வைத்தியசாலைக்குச் செல்வோரும் அறியத்தக்கது இது. புற்றுநோய்க்கு ஒருநாட் சிகிச்சையாகப் பெரும்பாலும் தரப்படும் 2 கிரே, பழைய ஏடுகளில் 200 றாட் என்றிருக்கும்; 200 சென்டிகிரே என்பதும் அதுவே. அலகை விடுத்து எண்ணை மட்டும் படிப்போர் நூறு மடங்கு தவறுவர். முழுவுடலும் ஒரே தடவையில் 4 முதல் 5 கிரே ஏற்பின், சிகிச்சையின்றேல் ஏறக்குறையப் பாதிப்பேர் மாள்வர். ஆதலின் எண்ணுக்கு முன் அலகை நோக்குதல் கற்போர் கடனாகும்.