பெயரிலிருந்து வினைக்கு



சிங்கப்பூருக்கு வேலைக்குப் போன பிள்ளையிடமிருந்து கடிதம் வந்தால், அதில் 'பெர்மிட்' என்ற சொல் கட்டாயம் இருக்கும். சிராங்கூன் சாலையிலும் தேக்காச் சந்தையிலும் ஞாயிற்றுக்கிழமை கூடும் நம்மவர்கள் அடிக்கடி சொல்லும் சொல் அது. அனுமதிச் சீட்டைக் குறிக்கும்போது 'பெர்' என்ற முதல் அசையை அழுத்திச் சொல்லவேண்டும். 'அனுமதி கொடு' என்ற வினையாக வந்தால் 'மிட்' என்பதில் அழுத்தம் விழும். எழுத்து மாறுவதில்லை.

எல்லாச் சொற்களும் இவ்வளவு எளிதாக விட்டுவிடுவதில்லை. நாம் 'அப்ளிகேஷன் போடு', 'அட்வைஸ் பண்ணு' என்று பேசிப் பழகியவர்கள். ஆங்கிலப் பெயர்ச்சொல்லோடு ஒரு தமிழ் வினையைச் சேர்த்தால் வேலை முடிந்தது. ஆங்கிலத்தில் விண்ணப்பம் எழுத உட்காரும்போதுதான் 'போடு' கைகொடுக்காது. 'ஐ அப்ளை' என்று எழுதவேண்டிய இடத்தில் 'ஐ அப்ளிகேஷன்' என்று எழுதிவிடுகிறோம். வேலை கொடுப்பவர் கண்ணில் முதலில் படுவது அந்த வரிதான்.

தமிழில் படி, படிப்பு, பேசு, பேச்சு, விளை, விளைச்சல். வினைதான் வேர். ஆங்கிலத்திலும் பெரும்பாலும் அப்படியே: இன்வைட், இன்விடேஷன், எக்ஸ்பிளெயின், எக்ஸ்பிளனேஷன். ஆனால் டொனேஷனுக்கு டொனேட், எஜுகேஷனுக்கு எஜுகேட் என்று இருப்பதைப் பார்த்து, கான்வர்சேஷனுக்கு 'கான்வர்சேட்' என்று சிலர் உண்டாக்குகிறார்கள். முறையான எழுத்தில் அது செல்லாது; 'கான்வர்ஸ்' என்பதே சரி. 'ஓரியன்டேஷன்' ஒரு விதிவிலக்கு. சிங்கப்பூர்ப் பள்ளிகளில் புது மாணவருக்கு நடத்தும் அறிமுக நிகழ்ச்சிக்கு அந்தப் பெயர்தான். அதற்கு 'ஓரியன்ட்', 'ஓரியன்டேட்' இரண்டும் சரியே. நீண்டது பிரிட்டனிலும், குறுகியது அமெரிக்காவிலும் மிகுதி. இப்படிப் பெயரை வெட்டி வினை செய்வது எப்போதும் குற்றமென்று நினைக்கவேண்டாம். 'டெலிவிஷன்' வந்த பிறகுதான் 'டெலிவைஸ்' பிறந்தது.

இனி 'அட்வைஸ்'. இதில்தான் நம் பிள்ளைகள் அதிகம் வழுக்குகிறார்கள். அறிவுரை என்னும் பெயர், 'சி' எழுத்தோடு, கடைசி ஒலி மெல்லிய சீழ்க்கைபோல் முடியும். அறிவுரை சொல் என்னும் வினை, 'எஸ்' எழுத்தோடு, தேனீ ரீங்கரிப்பதுபோல் முடியும். இரண்டையும் தமிழில் எழுதினால் 'அட்வைஸ்' என்று ஒன்றாகவே தெரியும். அதனால் காதைத் தீட்டிக்கொள்ளுங்கள். 'பிராக்டிஸ்', 'லைசென்ஸ்' இரண்டுக்கும் ஒலியில் வேறுபாடே கிடையாது, எழுத்தில் மட்டும் உண்டு: பெயருக்கு 'சி', வினைக்கு 'எஸ்'. சிங்கப்பூர் பின்பற்றுவது இந்தப் பிரிட்டிஷ் முறைதான். வண்டி ஓட்டும் உரிமத்தில் 'சி' இருப்பதைப் பார்க்கலாம். அமெரிக்கரோ பிராக்டிஸை எப்போதும் 'சி' போட்டும், லைசென்ஸை எப்போதும் 'எஸ்' போட்டும் எழுதுவார்கள்.

ஐயம் வந்தால் பள்ளி அகராதியைத் திறந்து பாருங்கள். சொல்லுக்குப் பக்கத்தில் 'என்' என்ற எழுத்து இருந்தால் பெயர், 'வி' இருந்தால் வினை.