வீட்டுக்கு வரும் நாய்: விலைக்கு வாங்குவதா, தத்தெடுப்பதா?

சிகிச்சை முடிந்து வீடு திரும்பும் நாளில் மருத்துவரிடம் கேட்கப்படும் கேள்விகள் பெரும்பாலும் உணவு, மாத்திரை, குளியல், வேலைக்குத் திரும்பும் காலம் ஆகியவற்றைப் பற்றியனவாகவே இருக்கும். அவற்றோடு இன்னொரு கேள்வியும் எழுவதுண்டு: "வீட்டில் ஒரு நாய் வளர்க்கலாமா?" பல மாதங்கள் படுக்கையில் கிடந்த சிறுவனுக்கு, குணமானதும் நாய்க்குட்டி வாங்கித் தருவதாகப் பெற்றோர் வாக்களித்திருப்பர். துணையை இழந்த தந்தைக்குத் தனிமை தெரியாதிருக்கட்டும் என்று வெளியூரில் இருக்கும் மகள் நினைத்திருப்பார். மாரடைப்புக்குப் பின் நாள்தோறும் நடக்க வேண்டும் என்று சொல்லப்பட்டவர், நாய் இருந்தால் நடந்தே தீர வேண்டியிருக்கும் என்று கணக்கிட்டிருப்பார்.

இவை எல்லாம் நியாயமான விருப்பங்களே. ஆயினும் 'வளர்க்கலாமா' என்பதோடு, 'எங்கிருந்து வரும் நாய், எத்தனை வயது நாய், எப்போது' என்ற மூன்றையும் சேர்த்தே கேட்க வேண்டும். நோயாளி இருக்கும் வீட்டில் இவை மருத்துவக் கேள்விகளே. நாங்கள் தரும் விடை சுருக்கமானது: கடையிலோ இணையத்திலோ விற்கப்படும் குட்டி வேண்டாம், காப்பகத்தில் இருக்கும், தடுப்பூசி போடப்பட்ட, வளர்ந்த நாயே ஏற்றது. காரணங்களைச் சற்று விரிவாகப் பார்ப்போம்.

படத்தில் இல்லாத தாய்

விற்பனைக்கு வரும் குட்டியின் படம் கைப்பேசியில் வந்து சேர்கிறது. இனம், நிறம், விலை, வீட்டுக்கே கொண்டுவந்து தருவதாக ஓர் உறுதி எல்லாம் அதில் இருக்கும். ஈன்ற தாய் மட்டும் இராது. வணிகத்துக்காகவே நாய்களைப் பெருக்கும் இரக்கமற்ற இடங்களில் அந்தத் தாய் ஒரு கூண்டுக்குள் இருக்கிறது. பெண் நாய் பொதுவாக ஆறு மாதத்துக்கு ஒருமுறை சினைப்பருவத்துக்கு வரும். அதன் சினைக்காலம் ஏறத்தாழ 63 நாட்கள். ஒவ்வொரு பருவத்திலும் இணை சேர்த்தால் ஆண்டுக்கு இரண்டு ஈற்றுகள் கிடைக்கும். ஈன்ற உடல் தேறுவதற்குள் அடுத்த சினை வந்துவிடும். சில ஆண்டுகளில் குட்டிகளின் எண்ணிக்கை குறையத் தொடங்கியதும் அந்த நாயால் பயனில்லை என்று ஆகிவிடுகிறது. தொங்கிய மடியோடும் தோல்நோயோடும் தெருவில் கண்டெடுக்கப்படும் வெளிநாட்டு இனப் பெண் நாய்களில் பலவற்றின் கதை இதுதான்.

சட்டம் இதை அனுமதிக்கவில்லை. நாய் இனவிருத்தி, விற்பனை தொடர்பாக இந்திய அரசு 2017ஆம் ஆண்டு விதிகளை வெளியிட்டது. அவற்றின்படி நாய்களை இனவிருத்தி செய்பவர் மாநில விலங்குகள் நல வாரியத்தில் பதிவு பெற்றிருக்க வேண்டும். 18 மாதம் நிறையாத பெண் நாயையும் எட்டு வயதைக் கடந்த பெண் நாயையும் ஈனச் செய்யக் கூடாது. ஓர் ஆண்டில் ஓர் ஈற்றுக்கு மேல் கூடாது. வாழ்நாளில் ஐந்து ஈற்றுகளே எல்லை. எட்டு வாரம் நிறையாத குட்டியை விற்கவும் கூடாது. ஆனால் பூட்டிய வீட்டின் மாடியிலும் நகரத்துக்கு வெளியே உள்ள கொட்டகையிலும் நடப்பதை எந்த விதியும் தானாகச் சென்று பார்ப்பதில்லை. வாங்குபவர் பதிவுச் சான்றையும் தாய் நாயையும் நேரில் காட்டச் சொல்லிக் கேட்டால், பல விற்பனைகள் அந்த இடத்திலேயே நின்றுவிடும்.

இங்கிலாந்தில் இதே கோரிக்கை சட்டமாகவே ஆனது. வேல்ஸ் பகுதியிலிருந்த ஒரு குட்டிப் பண்ணையிலிருந்து 2013ஆம் ஆண்டு லூசி என்ற சிறிய ஸ்பானியல் இன நாய் மீட்கப்பட்டது. கூண்டிலேயே அடைபட்டுக் கிடந்ததால் அதன் இடுப்பெலும்புகள் ஒட்டிப்போயிருந்தன, முதுகெலும்பு வளைந்திருந்தது. மூன்று ஆண்டுகள் அன்பான ஒரு வீட்டில் வாழ்ந்து 2016ஆம் ஆண்டு அது இறந்தது. அதன் பெயராலேயே அழைக்கப்படும் சட்டம் 2020ஆம் ஆண்டு ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. ஆறு மாதம் நிறையாத குட்டிகளைக் கடைகளும் இடைத்தரகர்களும் விற்பதற்கு அங்கே இப்போது தடை உள்ளது. குட்டி வேண்டுபவர் அது பிறந்த இடத்துக்கே சென்று தாயோடு அதைப் பார்த்து வாங்க வேண்டும். இல்லையேல் காப்பகத்தில் தத்தெடுக்க வேண்டும்.

குட்டியோடு வரும் நோய்கள்

தாயின் துன்பம் ஒருபுறம் இருக்க, நோயாளியின் வீட்டுக்கு நேரடியாக வரும் ஆபத்துகளும் உண்டு. நாயின் உருளைப்புழுக்கள் தாயின் தசைகளில் உறங்கிக் கிடந்து, சினைக்காலத்தில் விழித்து, கருப்பையிலேயே குட்டிகளுக்குச் செல்கின்றன. எனவே குடற்புழு நீக்க மருந்து பெறாத குட்டி எதுவாயினும் அதன் மலத்தில் புழு முட்டைகள் இருக்கலாம். மண்ணில் சில வாரங்கள் கிடந்த பின்னரே அந்த முட்டைகள் தொற்றும் நிலையை அடையும். ஆகவே மலத்தை அன்றன்றே அகற்றிவிட்டால் ஆபத்தின் பெரும்பகுதி நீங்கும். அகற்றாத இடத்தில் விளையாடும் குழந்தையின் வாய்வழியே அவை உட்சென்று, கல்லீரலையோ கண்ணையோ பாதிக்கக்கூடும்.

இதைவிடக் கவலை தருவது, கடைக் குட்டிகளுக்குத் தரப்படும் நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகள். அமெரிக்காவில் 2016ஆம் ஆண்டு முதல் 2018ஆம் ஆண்டு வரை 18 மாநிலங்களில் 118 பேருக்குக் கேம்பிலோபாக்டர் என்னும் பாக்டீரியாவால் வயிற்றுப்போக்கு ஏற்பட்டது. கடைகளில் விற்கப்பட்ட குட்டிகளிடமிருந்தே அது பரவியது என்று அந்நாட்டு நோய்க் கட்டுப்பாட்டு மையம் கண்டறிந்தது. நோயுற்றவர்களில் 29 பேர் அக்கடைகளின் ஊழியர்கள். விசாரணையில் ஆராயப்பட்ட 149 குட்டிகளில் 142 குட்டிகளுக்கு, வீடு சேரும் முன்பே ஒருமுறையேனும் நுண்ணுயிர்க்கொல்லி தரப்பட்டிருந்தது. வழக்கமாகப் பயன்படும் மருந்துகள் பலவற்றுக்கும் அந்தக் கிருமி கட்டுப்படவில்லை. உடல்நலம் உள்ளவருக்கு இத்தகைய வயிற்றுப்போக்கு சில நாள் தொல்லையாக முடியலாம். வெள்ளணுக்கள் குறைந்திருக்கும் புற்றுநோயாளிக்கோ அது இரத்தத்தில் பரவும் தொற்றாக மாறலாம்.

பார்வோ வைரஸ் மனிதருக்குத் தொற்றாது. ஆனால் குட்டியைக் கொன்றுவிடும். தாய்ப்பால் மறக்கும் முன் பிரிக்கப்பட்டு, தடுப்பூசி முழுமையாகப் போடப்படாமல், பல இடங்களின் குட்டிகளோடு சேர்த்து அடைத்துக் கொண்டுவரப்பட்ட குட்டியின் உடலில் அது ஏற்கெனவே இருக்கலாம். வாங்கிய ஒரு வாரத்தில் வாந்தியும் இரத்தப்போக்கும் தொடங்கும். மருத்துவமனையிலிருந்து அண்மையில் வந்த ஒரு குழந்தை, தன் பரிசு தன் கண்முன்னே சாவதைப் பார்க்க நேர்வது எந்தப் பெற்றோரும் விரும்பாதது.

இனத்தைப் பற்றியும் ஒரு சொல். 2003ஆம் ஆண்டு வந்த ஒரு கைப்பேசி விளம்பரத்துக்குப் பின் பக் இன நாய்க்கு நம் நாட்டில் பெரும் ஆசை கிளம்பியது. அதன் தட்டையான முகம் பார்க்க அழகு. ஆனால் குறுகிய மூச்சுப்பாதையால் வெயில் நாட்களில் அது மூச்சுக்குத் திணறுகிறது. பனிப் பிரதேசத்து ஹஸ்கியை மதுரையின் மே மாதத்தில் வைத்திருப்பது இன்னும் கொடுமை. மருத்துவச் செலவில் ஏற்கெனவே இளைத்துப்போன குடும்பம், நாய்க்காகவும் நாள் முழுதும் குளிர்சாதனத்தை ஓட்ட முடியுமா என்பதை யோசிக்க வேண்டும்.

காப்பகத்தில் இருக்கும் நாய்

விலங்குகள் காப்பகம் நம் ஊருக்குப் புதியதன்று. சென்னையில் விமானி கேப்டன் சுந்தரம் தொடங்கிய ப்ளூ கிராஸ் 1959ஆம் ஆண்டு முதல் இயங்கி வருகிறது. பல மாவட்டத் தலைநகரங்களில் சிறு அமைப்புகளும் தனி மனிதர்களும் இப்பணியைச் செய்கின்றனர். அங்கே நாட்டு நாய்களும், வளர்த்தவர் கைவிட்ட வெளிநாட்டு இன நாய்களும் வீட்டுக்காகக் காத்திருக்கின்றன. பொறுப்பாக நடத்தப்படும் காப்பகத்தில் தடுப்பூசி, குடற்புழு நீக்கம், கருத்தடை அறுவை ஆகியவற்றை முடித்தே நாயைத் தருவர். அவற்றின் பதிவைக் கேட்டு வாங்குங்கள். பதிவு தராத காப்பகத்தைத் தவிர்ப்பதே நல்லது. காப்பகம் என்ற பெயர்ப்பலகை மட்டும் போதாது.

வளர்ந்த நாயை நாங்கள் பரிந்துரைப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. குட்டி எப்படி வளரும் என்பது எவருக்கும் தெரியாது. இரண்டு மூன்று வயதான நாயின் குணம் அதைப் பராமரிக்கும் ஊழியருக்குத் தெரியும். குழந்தைகளைக் கண்டால் ஒதுங்குமா, மேலே தாவுமா, உணவுத் தட்டைத் தொட்டால் உறுமுமா, இரவில் ஓயாது குரைக்குமா என்று அவரிடமே கேட்கலாம். நடைகோல் ஊன்றி நடக்கும் முதியவருக்கும், சர்க்கரை நோயால் கால் உணர்ச்சி குறைந்தவருக்கும், வாரை இழுத்துக்கொண்டு ஓடும் வலுவான நாய் ஏற்றதன்று. ஒரே இழுப்பில் இடுப்பெலும்பு முறியலாம். அமைதியான, நடுத்தர உருவமுள்ள, சற்றே வயதான நாயைத்தான் பலர் விரும்பி எடுப்பதில்லை. நோயாளியின் வீட்டுக்குப் பொருந்துவது பெரும்பாலும் அதுவே.

தத்தெடுக்கச் சென்றால் காப்பகத்தார் உங்களையே பல கேள்விகள் கேட்பர். சொந்த வீடா, வாடகை வீடா, வீட்டு உரிமையாளர் சம்மதித்தாரா, பகலில் யார் இருப்பர் என்றெல்லாம் வினவுவர். பணம் கொடுத்தால் எதுவும் கேட்காமல் குட்டியைத் தருபவரைவிட இவர்கள் கடுமையாகத் தோன்றலாம். அந்தக் கேள்விகள் உங்கள் நோயாளிக்கும் பாதுகாப்பானவை என்பதால், வீட்டில் யாருக்கு என்ன நோய், என்ன சிகிச்சை நடக்கிறது என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். வந்த நாய் முதல் மூன்று நாட்கள் பயந்து ஒடுங்கியிருக்கும். மூன்று வாரங்களில் வீட்டின் நடைமுறை அதற்குப் பிடிபடும். முழுதும் நம்புவதற்கு மூன்று மாதங்கள் ஆகலாம் என்பது நாய் வளர்ப்போரின் அனுபவக் கணக்கு. அதுவரை உறங்கும்போதும் உண்ணும்போதும் அதைத் தொந்தரவு செய்யாதிருக்கக் குழந்தைகளுக்குச் சொல்லிக்கொடுங்கள்.

தெருவில் கிடக்கும் குட்டியை இரக்கத்தால் நேரே வீட்டுக்குத் தூக்கி வருவதும் தத்தெடுப்பும் ஒன்றல்ல. அந்தக் குட்டியைக் கால்நடை மருத்துவரிடமோ காப்பகத்திடமோ முதலில் கொண்டுசெல்லுங்கள். வெறிநாய்க்கடி நோயின் கிருமி, அறிகுறி எதுவும் இன்றி வாரக்கணக்கில், சில வேளைகளில் மாதக்கணக்கில் நாயின் உடலில் இருக்கக்கூடும்.

எப்போது வேண்டாம்

எலும்பு மஜ்ஜை அல்லது உறுப்பு மாற்று சிகிச்சை பெற்றவர்கள் உடல்நிலை சீராகும் வரை, பொதுவாக ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை, புதிய விலங்கு எதையும் வீட்டுக்குக் கொண்டுவரக் கூடாது. கீமோதெரபி நடந்துகொண்டிருப்பவரும் காத்திருப்பது நல்லது. நோய் எதிர்ப்பாற்றல் குறைந்தவர் ஆறு மாதத்துக்கு உட்பட்ட குட்டிகளையும் வயிற்றுப்போக்குள்ள நாய்களையும் தொடாதிருக்க வேண்டும். மண்ணீரல் அகற்றப்பட்டவருக்கு நாயின் எச்சிலில் இயல்பாகவே வாழும் ஒரு பாக்டீரியா உயிருக்கு ஆபத்தான தொற்றை உண்டாக்கலாம். காயத்தை நாய் நக்க விடாதீர்கள். வீட்டிலேயே வயிற்றுவழி டயாலிசிஸ் செய்துகொள்பவர், திரவம் மாற்றும் அறைக்குள் எந்த விலங்கையும் அனுமதிக்கக் கூடாது.

இங்கே ஒன்றை அழுத்தமாகச் சொல்ல வேண்டும். இவை புதிதாக வரும் நாயைப் பற்றியவை. பல ஆண்டுகளாக வீட்டில் இருக்கும் நாயை, புற்றுநோய் என்று தெரிந்த மறுநாளே எங்கோ கொண்டுபோய் விட்டுவிடும் குடும்பங்கள் உண்டு. காப்பகங்கள் நிரம்புவதற்கு இதுவும் ஒரு காரணம். பெரும்பாலான நோயாளிகளுக்கு அது தேவையே இல்லை. நாயைக் கால்நடை மருத்துவரிடம் காட்டி, தடுப்பூசிகளைப் புதுப்பித்து, தொட்டபின் கைகழுவி, மலம் அள்ளும் வேலையை மட்டும் வேறொருவரிடம் ஒப்படைத்தால் போதும். முடிவெடுக்கும் முன் உங்கள் மருத்துவரைக் கேளுங்கள்.

கடியும் கீறலும்

எந்த நாயாயினும், குட்டியே ஆயினும், கடித்தாலோ தோலைக் கீறினாலோ உடனே சோப்பும் ஓடும் நீரும் கொண்டு 15 நிமிடம் கழுவுங்கள். மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்ப்பொடி எதுவும் தடவாதீர்கள். அன்றே மருத்துவமனைக்குச் சென்று தடுப்பூசி பற்றி முடிவெடுங்கள். அரசு மருத்துவமனைகளில் அது இலவசம். தோலுக்குள் போடும் முறையில் 0, 3, 7, 28 ஆகிய நாட்களில் ஊசி போடப்படும். இடையில் நிறுத்தக் கூடாது. எதிர்ப்பாற்றலைக் குறைக்கும் மருந்து உட்கொள்பவர் அதைக் கட்டாயம் தெரிவிக்க வேண்டும். சிறிய கீறலுக்கும் அவருக்கு இம்யூனோகுளோபுலின் ஊசி தேவைப்படலாம். நோய் அறிகுறி தோன்றிய பின் வெறிநாய்க்கடி நோய்க்குச் சிகிச்சை இல்லை.

நாய் பன்னிரண்டு, பதினான்கு ஆண்டுகள் வாழக்கூடியது. நோயாளி மீண்டும் மருத்துவமனையில் சேர நேரலாம் என்பதை வீட்டார் பேசத் தயங்குவர். நாயை எடுக்கும் முன் அதைப் பேசியே ஆக வேண்டும். அந்த நாட்களில் நாய்க்கு உணவளிப்பவர் யார், இரவில் பார்த்துக்கொள்பவர் யார், தேவைப்பட்டால் நிரந்தரமாக ஏற்றுக்கொள்பவர் யார் என்று முடிவு செய்து, அவர்களது பெயரையும் கைப்பேசி எண்ணையும் தடுப்பூசி அட்டையிலேயே எழுதி வையுங்கள். அப்படி ஒருவர் அமையாவிடில், காப்பகத்துக்கு வாரம் ஒருமுறை சென்று நாய்களோடு சில மணி நேரம் இருந்துவர இயலுமா என்று கேட்டுப் பாருங்கள். பல காப்பகங்கள் அதற்கும் இடமளிக்கின்றன.