மண்டையைத் திறவாமல் மூளைக்கு மருத்துவம்

புதுக்கோட்டை மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றில், திண்ணையில் அமர்ந்திருக்கும் எழுபது வயதுப் பாட்டி ஒருவரை எண்ணிப் பாருங்கள். சில மாதங்களாகச் சோறு இறங்கவில்லை. விடியுமுன்பே விழிப்பு வந்துவிடுகிறது. பேரக் குழந்தையைக் கண்டாலும் முகம் மலர்வதில்லை. "வயசானா அப்படித்தான்" என்று வீட்டார் விட்டுவிடுகின்றனர். அது வயதன்று, மனச்சோர்வு என்னும் நோய். பலருக்கு மருந்திலேயே குணம் தெரியும். சிலருக்கு மருந்து பலிப்பதில்லை. சிலருடைய முதிய உடல் அதைத் தாங்குவதில்லை. இத்தகையோருக்குக் கைகொடுப்பது, நீங்கள் பள்ளியில் படித்த ஓர் இயற்பியல் விதி!

காந்தப்புலம் மாறினால் அருகிலுள்ள கடத்தியில் மின்னோட்டம் பிறக்கும் என்று 1831இல் மைக்கேல் ஃபாரடே கண்டார். மூளையும் ஒரு கடத்தியே. 1985இல் இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரில் ஆன்டனி பார்க்கர் குழுவினர், தலைமேல் வைத்த கம்பிச் சுருளில் கணநேர மின்னோட்டத்தைச் செலுத்தினர், கைத்தசை துடித்தது.

இன்று அச்சுருளை நெற்றிக்குச் சற்று மேலே, இடப்புறம் வைக்கின்றனர். உள்ளே இருப்பது, உணர்ச்சிகளை நெறிப்படுத்தும் பகுதிகளோடு தொடர்புடைய முன்மடல். சுருளின் காந்தப்புலம் ஏறக்குறைய 1.5 டெஸ்லா. கடைகளில் விற்கும் காந்தப் பட்டைகளை இத்துடன் குழப்பிக்கொள்ளாதீர்கள். அவற்றின் புலம் மாறுவதில்லை, ஆகவே மின்னோட்டமும் பிறப்பதில்லை. நோயாளிக்கு மயக்க மருந்து வேண்டாம். 'டக், டக்' என்ற ஓசைக்காகக் காதை அடைத்துக்கொண்டால் போதும். தலைவலி வரலாம், வலிப்பு மிக அரிது. இதயமுடுக்கி பொருத்தியவர்களும் தலைக்குள் உலோகம் உள்ளவர்களும் முன்கூட்டியே மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும்.

முதியவர்களிடம் ஒரு சிக்கல் உண்டு. வயதாக ஆக மூளை சற்றுச் சுருங்கி மண்டையோட்டிலிருந்து விலகுகிறது. தொலைவு கூடினால் புலம் விரைந்து குறையும். எனவே ஒவ்வொருவருக்கும் கைவிரல் துடிக்கும் அளவைப் பார்த்தே வலிமையைக் கணிக்கின்றனர்.

மருந்து பலிக்காத, 60 வயதைக் கடந்த 172 பேரைக் கனடாவில் ஆராய்ந்து 2022இல் முடிவை வெளியிட்டனர். சுமார் 48 நிமிடம் தரும் பழைய முறையிலும், 4 நிமிடமே தரும் புதிய முறையிலும் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்குச் சோர்வு நீங்கியது. முழு வெற்றியன்று, ஆனாலும் மருந்து கைவிட்டவர்களுக்கு இது சிறிதன்று.

வாரம் ஐந்து நாள் வீதம் நான்கு முதல் ஆறு வாரம் வரை இச்சிகிச்சையைத் தொடர வேண்டும். கருவிகளோ பெரும்பாலும் பெருநகர மருத்துவமனைகளில்தான் உள்ளன. நான்கு நிமிடச் சிகிச்சைக்காக நம் பாட்டி நாள்தோறும் பேருந்து ஏற இயலுமா? ஆனால் நோயைக் கண்டறிந்து மருந்தைத் தொடங்க அவ்வளவு தொலைவு போக வேண்டியதில்லை. புதுக்கோட்டையிலேயே 2017 முதல் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. அங்குள்ள மனநல மருத்துவரிடம் அவரை அழைத்துச் செல்லலாம்.