பழைய ரெகுலேட்டர் வாங்கலாமா? வயசைப் பார்க்காதீங்க, பாகத்தைப் பாருங்க!

வெம்பக்கோட்டையில இருந்து பேசுறேன். தூத்துக்குடி, ராமேஸ்வரம், புதுச்சேரி பக்கம் ஸ்கூபா கத்துக்கிட்ட தம்பி தங்கச்சிங்க கொஞ்ச நாளா ஒரே கேள்வியத்தான் கேக்குறீங்க. "அண்ணே, பழைய ரெகுலேட்டர் ஒண்ணு சல்லிசா வருது. முப்பது வருசப் பழசாம். வாங்கலாமா, வேண்டாமா?"

பதிலை முதல்லயே சொல்லிடுறேன். ரெகுலேட்டருக்கு வயசு கிடையாது. உள்ள இருக்கிற ரப்பருக்கும் சீட்டுக்கும்தான் வயசு. அதனால "எத்தனை வருசப் பழசு"ன்னு கேக்காதீங்க. "இதுக்குப் பாகம் கிடைக்குமா"ன்னு கேளுங்க. சிவகாசியில அச்சாபீஸ் வச்சிருக்கவங்களுக்கு இது சொல்லாமலே புரியும். பழைய ஹைடல்பெர்க் மெஷின் இன்னைக்கும் ஓடுதுன்னா, ஸ்பேர் கிடைக்குது, அதைப் பூட்டத் தெரிஞ்ச மெக்கானிக் இருக்காரு. அவ்வளவுதான் விஷயம்.

பிஸ்டனா, டயாஃப்ரமாங்கிற வித்தியாசமெல்லாம் உங்களுக்குத் தெரிஞ்சதுதான், அதுக்குள்ள போகல. நேரா சாமானுக்கு வருவோம்.

இந்தா, மேஜை மேல இருக்கிறது ஒரு ஃபர்ஸ்ட் ஸ்டேஜ். மேல குரோம் முலாம், உள்ள பித்தளை. ஒழுங்கா நல்ல தண்ணியில அலசி வச்சிருந்தா இந்த உடம்புக்கு ஒண்ணும் ஆகாது. இப்ப கேமராவைக் கிட்ட கொண்டு வரேன். இது உள்ள இருந்து கழட்டுன ஹெச்.பி. சீட், அதாவது உயர் அழுத்தப் பக்கத்துச் சீட். சட்டைப் பொத்தான் அளவுதான். நடுவுல வட்டமா ஒரு தடம் தெரியுதா? வால்வோட உலோக விளிம்பு இது மேலயே உக்காந்து உக்காந்து பதிஞ்சது. தடம் லேசா, சீரா இருந்தா சரி. ஆழமா வெட்டியிருந்தாலோ, ஒரு பக்கமா சாஞ்சிருந்தாலோ காத்து கசியும். சிலிண்டர்ல இருந்து வர்ற 200 பார் காத்தைத் தடுத்து நிறுத்துறது இந்தத் துண்டு பிளாஸ்டிக்தான். உங்க முப்பது வருசப் பழசுல உண்மையா கிழடு தட்டுனது இதுதான், பித்தளை இல்ல.

அப்போ எந்த மாடலுக்குப் பாகம் கிடைக்கும்? ஸ்கூபாபுரோ எம்.கே.5 1970-கள்ல வந்த பிஸ்டன் மாடல், பின்னாடி வந்த எம்.கே.10 அதோட தம்பி. ரெண்டையும் இன்னைக்கும் சர்வீஸ் பண்ணி ஓட்டுறாங்க. யு.எஸ். டைவர்ஸ் கம்பெனியோட கான்ஷெல்ஃப், 1960-கள்ல வந்த வடிவமைப்பு. ரொம்ப காலம் பெரிசா மாறாமலே வித்துச்சு, அதனால பாகமும் பரவிக் கிடக்கு. ஸ்வீடன்காரங்களோட போசைடன் சைக்லான் 1958-ல வந்தது, அதுக்கும் ஆதரவு இருக்கு. ஏன், ரெட்டைக் குழாய் வச்ச ராயல் அக்வா மாஸ்டர் இருக்கே, அதுக்குக்கூட அமெரிக்காவுல சிலிக்கோன் டயாஃப்ரம் புதுசா செஞ்சு விக்கிறாங்க! ஆனா டேகோர் கம்பெனி ரெகுலேட்டர்? அருமையான சாமான். கம்பெனி கைமாறி, பேரே மறைஞ்சு போச்சு. அநாதை ரெகுலேட்டர்னு சொல்றது இதைத்தான். பளபளன்னு இருந்தாலும் பாகம் அடங்குன சர்வீஸ் கிட் இல்லன்னா அது அலமாரியில வைக்கத்தான் ஆகும். திருப்பிச் சொல்றேன், வயசு இல்ல, பாகம்.

இதுல எனக்கு ஒரு ஆதங்கம் உண்டு, மறைக்க மாட்டேன். சில கம்பெனிங்க சர்வீஸ் கிட்டை நேரா உங்க கையில தர மாட்டாங்க, பயிற்சி முடிச்ச டெக்னீஷியனுக்குத்தான் குடுப்பாங்க. உயிர் காக்கிற சாமான், அந்த எச்சரிக்கை நியாயம்தான். ஆனா காசு குடுத்து வாங்குனவனுக்கு உள்ள என்ன இருக்குங்கிற படமும் பாகத்தோட நம்பரும் தெரியணும். தெரிஞ்சாத்தான் டெக்னீஷியன் என்ன மாத்துனாரு, என்ன மாத்தலங்கிறது நமக்குப் புரியும்.

"கடலே இல்லாத ஊர்ல உக்காந்துக்கிட்டு இதெல்லாம் உங்களுக்கு எதுக்குண்ணே?" இதையும் கேக்குறீங்க. சொல்றேன். 2022-ல இங்க விஜயகரிசல்குளத்துல தொல்லியல் துறை தோண்ட ஆரம்பிச்சாங்க. என்ன கிடைச்சுது? சங்கு வளையல். முழுசா செஞ்சதும் இருக்கு, பாதி அறுத்து விட்டதும் இருக்கு. பாதி வேலையில கிடக்குதுன்னா வளையல் பட்டறையே இங்க இருந்திருக்கு! சங்கு இந்தக் கரிசல்ல முளைக்காது மக்களே. கடல்ல ஒருத்தன் மூச்சைப் பிடிச்சு முங்கி எடுத்திருக்கான். நம்ம வைப்பாறு இப்படியே கிழக்க போயி மன்னார் வளைகுடாவுலதான் சேருது. அதே கடல்ல தூத்துக்குடி சங்குகுளி ஆட்கள் இடுப்புல வலைப்பையைக் கட்டிக்கிட்டு ஒரே மூச்சுல இறங்குனாங்க, பிறகு கம்ப்ரசர் குழாயை வாயில வச்சு இறங்குனாங்க. குழாய் வந்ததும் அதிக நேரம் அடியில இருக்க முடிஞ்சுது, சரியான பயிற்சி இல்லாம மேல வந்து கை கால் முடங்குனவங்களும் உண்டு. ஆழத்துக்கேத்த அழுத்தத்துல, கேட்ட நேரத்துல மட்டும் காத்து தர்ற இன்னைய ஸ்கூபா ரெகுலேட்டருக்கு முன்னோடி, 1943-ல ஃபிரான்ஸ்ல கடற்படை அதிகாரி கூஸ்தோவும் இன்ஜினியர் காஞானும் செஞ்சது. அதுவும் எப்படி? போர்க்காலத்துல பெட்ரோல் இல்லாம வண்டியை கேஸ்ல ஓட்டுறதுக்குச் செஞ்ச வால்வைத்தான் காஞான் மாத்தி அமைச்சாரு. ஆக, இந்த ஊர் மண்ணுக்கும் முங்கி எடுக்கிற தொழிலுக்கும் பந்தம் பழசு. பேச எனக்கு உரிமை இருக்கு!

சரி, எங்கயோ போயிட்டேன். கிரீஸ் விஷயம். ஓ-ரிங்குக்கு வாசலின், தேங்காயெண்ணெய், வண்டி கிரீஸ் எதுவும் தொடவே கூடாது. சாதா காத்துக்கு சிலிக்கோன் கிரீஸ், அதுவும் மினுமினுப்பு தெரியுற அளவுக்குத்தான். நைட்ராக்ஸ் பயன்படுத்துறவங்க, குறிப்பா ஆக்சிஜன் 40 சதவீதத்துக்கு மேல போனா, முழுசா எண்ணெய்ப் பிசுக்கு எடுத்துட்டு ஆக்சிஜனுக்குன்னே இருக்கிற கிரீஸ்தான் போடணும். பட்டாசு ஊர்ல இதுக்கு விளக்கம் எதுக்கு? வெடியுப்பு தானா எரியாது, பக்கத்துல இருக்கிறதை எரிய வைக்கும். அழுத்தமான ஆக்சிஜனும் அப்படித்தான். வால்வைப் படக்குன்னு திறந்தா காத்து அமுங்குற சூட்டுலயே எண்ணெய் பத்திக்கும். அதனால வால்வை எப்பவும் மெதுவா திறங்க.

ஐயோ, நேரம் ஓடிப்போச்சு. முக்கியமானதை இப்ப கடகடன்னு சொல்றேன், எழுதிக்கோங்க.

ஒண்ணு. காசு குடுக்குறதுக்கு முன்னாடி மாடல் பேரைப் பார்த்து, ரெண்டு ஸ்டேஜுக்கும் கிட் இருக்கான்னு உங்க டைவ் சென்டர்ல கேளுங்க. இல்லன்னா வாங்காதீங்க.

ரெண்டு. காத்து நுழையுற இடத்துல இருக்கிற ஃபில்டரைப் பாருங்க. பச்சை பூத்திருந்தா உப்புத்தண்ணி உள்ள போயிருக்கு.

மூணு. ரொம்பப் பழைய மாடல்ல ஹெச்.பி. ஓட்டையும் எல்.பி. (குறைந்த அழுத்த) ஓட்டையும் ஒரே மரை, 3/8. எல்.பி. குழாயை ஹெச்.பி.யில மாட்டுனா வெடிக்கும். எழுத்தைப் படிச்சுட்டு மாட்டுங்க.

நாலு. தூசி மூடியை இறுக்கிட்டு வாயில வச்சு உறிஞ்சுங்க. காத்து வரவே கூடாது. வந்தா டயாஃப்ரமோ எக்ஸாஸ்ட் வால்வோ போச்சு.

அஞ்சு. குழாய் பழசுன்னா யோசிக்காம புதுசு.

ஆறு. ஓ-ரிங் பெரும்பாலும் பொது அளவுதான். எல்.பி. குழாய்க்கு 011, ஹெச்.பி.க்கு 012, கேஜ் ஸ்பூலுக்கு 003. நியூமேட்டிக் கடையில நைட்ரைல்னு கேளுங்க, எல்.பி.க்கு 70 கடினம், ஹெச்.பி. பக்கம் 90. சீட்டும் டயாஃப்ரமும் மட்டும் கம்பெனி கிட்தான், அதுல சமரசமே கிடையாது. ஓ-ரிங்கைக் குத்தி எடுக்க இரும்பு ஊசி வேண்டாம், பித்தளையோ பிளாஸ்டிக்கோ. கீறல் விழுந்தா பித்தளை உடம்பும் போச்சு.

ஏழு. சர்வீஸ் முடிஞ்சதும் ஐ.பி. கேஜ், அதாவது இடைநிலை அழுத்தம் காட்டுற கேஜ், மாட்டச் சொல்லுங்க. பெரும்பாலான மாடல்ல 9-ல இருந்து 10 பார், உங்க மாடலுக்கு என்னன்னு மேனுவல்ல இருக்கும். ஊசி ஏறி அப்படியே நிக்கணும். மெல்ல மெல்ல ஏறிக்கிட்டே போனா சீட் சரியில்ல, திருப்பிக் குடுங்க.

எட்டு. தண்ணித் தொட்டியில முக்கி குமிழி பாருங்க. முதல் டைவ் நீச்சல் குளத்துல, கூட ஆள் வச்சுக்கிட்டு.

ஃபர்ஸ்ட் ஸ்டேஜை நீங்களே பிரிக்காதீங்க, படிச்சவர்கிட்ட குடுங்க. ஆனா பக்கத்துல நின்னு பாருங்க, கழட்டுன பழைய பாகத்தைக் கேட்டு வாங்குங்க. உங்ககிட்ட இருக்கிற மாடல் பேரை அனுப்புங்க, செகண்ட் ஸ்டேஜ் லீவரைச் சரிபண்றது அடுத்த வீடியோவுல. வரேன் மக்களே.