நான்கு குடும்பங்களுக்கு எத்தனை இடங்கள்?

விடுமுறைக்கு ஊர் செல்லும் நான்கு குடும்பத்தார் ஒன்றாகச் சேர்ந்து பயணச்சீட்டு வாங்குவதாக வைத்துக்கொள்வோம். குடும்பம் ஒன்றுக்குப் பெரியவர் இருவர், சிறுவர் மூவர். மொத்தம் 20 இடங்கள் வேண்டும் என்பதை நம் வீட்டுச் சிறுவரும் சொல்லிவிடுவர். ஆனால் இதே கணக்கிற்குக் கணிப்பொறி 14 என்று விடை தரக்கூடும். அதில் கணிப்பொறியின் குற்றம் யாதுமில்லை என்பதே வியப்பு.

கணிப்பொறி அறிவது எண்களை மட்டுமே. ஆதலின், எழுத்துக் குறிகளால் நாம் எழுதும் கட்டளைகளை எண்களாக மாற்றித் தர அசெம்பிளர் என்னும் நிரல் பயன்படுகிறது. 1949-ல் கேம்பிரிட்ஜில் இயங்கத் தொடங்கிய எட்சாக் கணிப்பொறியிலேயே டேவிட் வீலர் இதற்கு வழி வகுத்தார். பின்னர், அடிக்கடி வரும் பகுதிக்கு ஒரு பெயர் சூட்டி, அப்பெயரை எழுதினாலே முழுப் பகுதியும் அங்கே வந்தமரும் ஏற்பாடும் தோன்றியது. அதுவே மேக்ரோ.

1996-ல் வெளிவந்த நாஸ்ம் என்னும் அசெம்பிளரை எடுத்துக்கொள்வோம். அதில் ‘டிஃபைன்’ என்னும் கட்டளையால், ‘குடும்பம்’ என்பதற்குச் சமமான ஒரு பெயருக்கு 2+3 என்று பொருள் தருகிறோம். பிறகு ‘குடும்பம்*4’ என எழுதுகிறோம். அசெம்பிளர் பெயரை நீக்கி, அவ்விடத்தில் எழுத்துக்களை அப்படியே வைக்கிறது. கிடைப்பது 2+3*4. பெருக்கல் முந்துவது கணித விதி. எனவே 12-உடன் 2 சேர்ந்து 14 ஆகிறது!

பொறியியல் பயிலும் என் தம்பி இத்தகைய பிழையோடு இரண்டு இரவுகள் போராடினான். அட்டவணைக்கு 20 பைட்டுகள் ஒதுக்க எண்ணியவன் 14 மட்டுமே ஒதுக்கியிருந்தான். எஞ்சிய 6 பைட்டுகள் அடுத்திருந்த தகவலின்மேல் ஏறி அமர்ந்துவிட்டன. அசெம்பிளரோ எச்சரிக்கவில்லை, 14-உம் முறையான எண்தானே! தனக்கு இப்படிப்பே ஒத்துவராது என்று அவன் மனம் சோர்ந்துவிட்டான். பள்ளியிறுதியோடு நின்றவன் நான். எனினும், பெயர் வருமிடத்தில் அதன் பொருளை முழுதாக எழுதிக் காட்டும்படி கேட்டேன். தாளில் எழுதிய மறுகணமே பிழை அவன் கண்ணில் பட்டது.

இதற்குப் பரிகாரம் இரண்டு. பொருளைக் கூறும்போதே (2+3) என்று அடைப்புக்குறிக்குள் வைப்பது ஒன்று. ‘அசைன்’ என்னும் கட்டளையைக் கையாள்வது மற்றொன்று; அது கூட்டலை அப்பொழுதே முடித்து, 5 என்னும் மதிப்பைப் பெயருக்கு அளித்துவிடுகிறது. இரண்டில் எதைச் செய்தாலும் விடை 20 ஆகும்.

இன்னொன்றும் நினைவிற் கொள்ளத்தக்கது. பல வரிகள் கொண்ட மேக்ரோவை இவ்வாறு கணக்கின் நடுவே வைக்க இயலாது. அது தருவது கட்டளை வரிகளை. கணக்கோ எதிர்பார்ப்பது ஓர் எண்ணை.

நம் பிள்ளைகளில் பலர் இன்று இக்கல்வியை நாடுகின்றனர். விடை பிழைபடும்போது தம் அறிவை நொந்துகொள்ளுமுன், சுருக்கத்தை விரித்து எழுதிப் பார்க்கும்படி அவர்களுக்குச் சொல்லுங்கள். அருகில் அமர்ந்து கேட்பதற்குப் பெற்றோர்க்குப் பெரும் படிப்பு வேண்டுவதில்லை.